குழாய்க்கு ஒரு சாண் வெளியே

போன மாதம் ஆராய்ச்சி மாணவர்கள் இருவர் என் வீட்டைத் தேடிக்கொண்டு ஆலங்காயத்துக்கு வந்தார்கள். ஒரு பையன், ஒரு பெண். இருவர் தோளிலும் மடிக்கணினி. நாங்கள் அந்தக் காலத்தில் பார்த்த படச் சுருள்களையெல்லாம் கம்ப்யூட்டரில் ஏற்றி, பார்க்கும் வேலையை அதற்கே கற்றுக்கொடுக்கிறார்களாம்.

"நீங்க நிஜமாவே கண்ணாலதான் பாத்தீங்களா வசந்தா மேடம்?" என்று அந்தப் பெண் கேட்டாள்.

"வேற எதால பாக்கறதும்மா?" என்றேன்.

இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். வாயில் மிட்டாயை ஒளித்து வைத்திருக்கும் குழந்தைகளின் முகம். ஒரு படம் காட்டுவார்களாம், அதைப்பற்றி நான் வெளியில் மூச்சு விடக் கூடாதாம். கம்ப்யூட்டர் லட்சக்கணக்கான படங்களைச் சலித்து அந்த ஒன்றைத்தான் 'விசித்திரம்' என்று தனியே எடுத்து வைத்திருக்கிறதாம். திரையைப் பார்த்தேன். சிரிப்பை அடக்கத் தண்ணீர் குடிக்க வேண்டியிருந்தது. என் வீட்டுக்காரர் கொல்லையில் முருங்கைக்காய் பறித்துக்கொண்டிருந்தார். அவரைக் கூப்பிடலாமா என்று ஒரு கணம் யோசித்தேன். பிறகு வேண்டாம் என்று விட்டுவிட்டேன். ஏன் என்பதைச் சொல்ல வேண்டுமென்றால் எண்பதுகளின் தொடக்கத்துக்குப் போக வேண்டும்.

வாணியம்பாடியில் பி.எஸ்ஸி. இயற்பியல் முடித்துவிட்டு வீட்டில் இருந்தேன். ஜவ்வாது மலைமேல் ஓர் ஆய்வு நிலையத்தில் 'ஸ்கேனர்' வேலைக்குப் பெண்கள் தேவை என்று விளம்பரம் வந்தது. மலை எதற்கு என்றால், முன்பு விண்வெளிக் கதிர்களை அளக்கப் போட்ட கொட்டகை அங்கே இருந்தது. குளிர்ச்சியான இடம், ஃபிலிம் கெடாது. அப்பா அனுமதித்தார், ஒரு நிபந்தனையோடு. வேலை இருக்கும்வரை இருக்கலாம், வேலை போன அன்றைக்கு மறுபேச்சு இல்லாமல் மாமன் மகனைக் கட்டிக்கொள்ள வேண்டும். எங்கள் எல்லோருடைய வேலையும் தற்காலிகம். அதனால் என் கழுத்து எந்த நேரமும் தாலிக்குத் தயாராகவே இருந்தது.

மாமன் மகன் ஜெயவேலு, வாணியம்பாடியிலிருந்து ஆலங்காயம் வழியாக மலைக்கு வரும் தனியார் பஸ்ஸில் கண்டக்டர். கெட்டவர் இல்லை. ஆனால் எதையும் தானே சரிசெய்துவிடலாம் என்கிற தைரியம் அவருக்கு அதிகம். பஸ் ஹாரனை ஒருமுறை அவர் சரிசெய்தார். மலை இறங்கி முடியும்வரை அது நிற்கவே இல்லை. எனக்கோ கல்யாணத்தில் அவசரம் இல்லை. அந்த இருட்டறையும் அதில் ஓடிய கோடுகளும் எனக்குப் பிடித்திருந்தன. அங்கேயே இருக்க ஆசைப்பட்டேன், வேறு ஒன்றும் இல்லை.

வேலை என்னவென்று சொல்லிவிடுகிறேன். வெளிநாட்டில் பூமிக்கடியில் ஒரு பெரிய வளையம். அதில் துகள்களை எதிரும் புதிருமாக ஓடவிட்டு, ஒரு மெல்லிய குழாய்க்குள் மோத வைப்பார்கள். மோதலில் தெறிப்பவை குழாயைவிட்டு வெளியே வந்து, வாயு நிரம்பிய ஒரு பெட்டிக்குள் ஒளிக் கோடுகளாகத் தெரியும். அதை இரண்டு கேமராக்கள் ஒரே நொடியில் படம் எடுக்கும். குழாயின் நீளவாக்கில் இங்கொன்று, அங்கொன்று. நமக்கு இரண்டு கண் இருப்பதால்தான் எது கிட்டே, எது தூரம் என்று தெரிகிறது இல்லையா, அதே ஏற்பாடுதான். இரண்டு சுருள்களையும் மேசையில் மாட்டி, ஒவ்வொரு கட்டமாக நகர்த்தி, ஒரு படத்துக்கும் அதன் ஜோடிக்கும் உள்ள விலகலை அளந்தால், கோடுகள் எந்த இடத்திலிருந்து கிளம்பின என்று கணக்குப் போட்டுவிடலாம். பாதிக் கட்டங்கள் வெறுமையாக இருக்கும். மீதியில் கோடுகளை எண்ணி, குறித்து, அளக்க வேண்டும்.

இதெல்லாம் எதற்கு? துகள்களைப் பற்றிய கோட்பாடு அப்போது ஒரு ரேஷன் கார்டு மாதிரி இருந்தது. யார் யார் குடும்பத்தில் இருக்கலாம், யார் எத்தனை பிள்ளை பெறலாம் என்பதெல்லாம் அதில் இருந்தது. மோதலில் வருவதெல்லாம் அந்த அட்டைக்குள் அடங்குகிறதா என்று பார்ப்பதுதான் சோதனை. அடங்கினால் கோட்பாடு பிழைத்தது. அட்டையில் பெயர் இல்லாத ஓர் ஆள் வந்து பந்தியில் உட்கார்ந்தால், கோட்பாட்டைத் திருத்தி எழுத வேண்டும். உலகத்தில் எல்லோரும் அந்த ஆளுக்காகத்தான் காத்திருந்தார்கள்.

எங்கள் நிலையத்தின் தலைவர் செல்வநாயகம் சார். திருநெல்வேலிப் பக்கம். வேலைக்காரர்கள் முதல் விருந்தாளிகள் வரை எல்லோரிடமும் 'ங்க' போட்டுத்தான் பேசுவார். நாய் குறுக்கே வந்தாலும் "கொஞ்சம் தள்ளுங்க" என்பார். எதைச் சொன்னாலும் அவருடைய பதில் ஒன்றுதான்: "இருக்கலாம்." மழை வருது சார் என்றால், ஜன்னலுக்கு வெளியே கொட்டிக்கொண்டிருக்கும்போதும், "இருக்கலாம்" என்று சொல்லிவிட்டுக் கையை நீட்டிப் பார்ப்பார். கை நனைந்த பிறகுதான் குடையை எடுப்பார்.

அவருடைய முறை இதுதான். ஒரே சுருளை இரண்டு பேர் தனித்தனியாகப் பார்க்க வேண்டும். ஒருவர் பார்த்ததை மற்றவருக்குச் சொல்லக் கூடாது. இருவர் கண்டதையும் அவர் ஒப்பிட்டு, இருவருமே தவறவிட்டது எவ்வளவு இருக்கும் என்று கணக்கிடுவார். "நீங்க ரெண்டு பேரும் பேசிக்கிட்டா, நாலு கண்ணு ரெண்டு கண்ணா ஆயிடும்" என்பார். என் ஜோடி மல்லிகா, ஒடுகத்தூர்க்காரி. என்னைவிட மூன்று நான்கு வயது மூத்தவள், அக்கா என்றுதான் கூப்பிடுவேன். எங்கள் இருவருக்கும் டீ நேரமே வேறு வேறு. அவள் குடித்து முடித்துக் கோப்பையைக் கழுவி வைத்த பிறகுதான் எனக்கு டீ வரும்.

இது போதாதென்று அவரிடம் இன்னொரு தந்திரமும் இருந்தது. பழைய சுருள்களில் கண்டெடுத்த அபூர்வமான படங்களைப் புதுச் சுருளின் நடுவே டேப் போட்டு ஒட்டிவைப்பார். நாங்கள் கண்டுபிடிக்கிறோமா என்று பார்க்க. அவர் அதைச் சொல்லவில்லை. ஆனால் டேப் போட்ட இடம் மேசையின் பல்சக்கரத்தில் ஏறும்போது, சுருளைச் சுற்றும் கைப்பிடியில் மெதுவாக 'டக்' என்று தட்டும். வேலைக்குச் சேர்ந்த ஒரு மாதத்திலேயே எல்லோருக்கும் அது தெரிந்துவிட்டது. ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ளவில்லை. சொல்லக் கூடாது என்பதுதான் விதி ஆயிற்றே. 'டக்' வந்தால் நிமிர்ந்து உட்காருவோம், கண்ணை அகல விரிப்போம், அவ்வளவுதான். அவர் ஒட்டிய ஒன்றைக்கூட நாங்கள் விட்டதில்லை. மாதக் கடைசியில் சார் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே, "உங்க கண்ணெல்லாம் அபாரம்" என்பார். மல்லிகா அக்கா வெட்கப்படுவதுபோல் தலையைக் குனிந்துகொள்வாள்.

இப்படி எல்லாம் நன்றாகப் போய்க்கொண்டிருந்தபோதுதான் மெட்ராஸ் தலைமையகத்தில் ஒரு தானியங்கி அளவை இயந்திரம் வாங்கினார்கள். அதை வாங்க வைத்த அதிகாரி ஒருநாள் ஜீப்பில் வந்தார். கையைப் பின்னால் கட்டிக்கொண்டு எங்கள் அறையைச் சுற்றிவந்து, "இனிமே இத்தனை பேர் எதுக்கு?" என்றார். அந்த வருடத்தோடு மலை அறையை மூடிவிடுவதாகப் பேச்சு கிளம்பியது. அடுத்த ஞாயிறு நான் வீட்டுக்குப் போனபோது அம்மா பந்தல்காரரிடம் விலை விசாரித்துக்கொண்டிருந்தாள்.

அந்த நேரத்தில்தான் அந்தச் சுருள் வந்தது. வெளிநாட்டிலிருந்து மெட்ராஸுக்கு, அங்கிருந்து ரயிலில் வாணியம்பாடிக்கு, அப்புறம் ஜெயவேலு மாமாவின் பஸ் கூரையில் மலைக்கு. எல்லா டப்பாவும் வருகிற வழிதான். அந்தத் தவணைப் படங்களில் ஒரு சின்னக் குறை இருந்தது. இரண்டாம் கேமராவில் கட்ட எண்ணைக் காட்டும் விளக்கு எரியவில்லை. முதல் கேமராவின் எண்ணை வைத்துத்தான் ஜோடியைக் கண்டுகொள்ள வேண்டும்.

சுருளின் நடுவே எனக்கு ஒரு 'டக்' தட்டியது. சார் ஒட்டியிருக்கிறார் என்று நிமிர்ந்து உட்கார்ந்தேன். அடுத்த கட்டத்தில் நான்கு கோடுகள், அழகாக விசிறிபோல. ஜோடிப் படத்திலும் நான்கு கோடுகள். அளந்து பார்த்தேன். நான்கும் கிளம்பிய இடம் குழாய்க்குள் இல்லை. குழாய்க்கு ஒரு சாண் வெளியே, வெறும் வாயுவில். கண்ணுக்குத் தெரியாத ஏதோ ஒன்று குழாயிலிருந்து கிளம்பி, ஒரு சாண் நடந்து, அங்கே நான்காக வெடித்த மாதிரி. அப்படி இரண்டாக உடைபவை ரேஷன் கார்டில் உண்டு, தினமும் பார்ப்போம். நான்காக உடைவதற்கு அட்டையில் ஆளே கிடையாது. சார் இந்த முறை எங்கிருந்து பிடித்தாரோ, நல்ல சரக்காக ஒட்டியிருக்கிறார் என்று நினைத்துக் குறித்துவைத்துவிட்டு டீக்குப் போனேன். மல்லிகா அக்காவும் அதே சுருளைப் பார்த்து, அதே கட்டத்தைக் குறித்து, அதே மாதிரி நினைத்துவிட்டுப் போயிருக்கிறாள்.

மறுநாள் காலை சார் எங்கள் இருவரையும் ஒன்றாகக் கூப்பிட்டார். அதுவே அதிசயம்.

"இது ரெண்டு பேருக்கும் தெரிஞ்சிருக்கு. நீங்க என்ன நினைக்கிறீங்க?"

"நல்லா கீது சார்" என்றாள் மல்லிகா அக்கா. "எங்க இருந்து சார் புட்ச்சீங்க?"

"நான் எங்கேயிருந்தும் பிடிக்கலை. நான் வைக்கவே இல்லை."

அவர் வைக்கவில்லை என்றால் அது உண்மை. உண்மை என்றால் கோட்பாட்டில் ஓட்டை. அந்த ஓட்டையைக் கண்டுபிடித்தது ஆலங்காயத்துப் பெண்ணும் ஒடுகத்தூர்ப் பெண்ணும். எனக்கு உடனே தோன்றியது அதுவல்ல, பந்தல்காரரைத் திருப்பி அனுப்பிவிடலாம் என்பதுதான். இப்படி ஒன்றைக் கண்டுபிடித்த அறையை யார் மூடுவார்கள்?

சுருள் மெட்ராஸுக்குப் போனது. புது இயந்திரம் அந்தக் கட்டத்தை அளந்துவிட்டு, பிழை கொஞ்சம் அதிகம், ஆனாலும் ஏற்கத்தக்கது என்றது. அதிகாரியிடமிருந்து போன் வந்தது. வருகிற வியாழக்கிழமை தானே வருவதாகவும், பத்திரிகைக்காரர்களையும் கூட்டிவருவதாகவும், பிள்ளைகளின் வேலையை நிரந்தரமாக்குவதைப் பற்றி அங்கேயே பேசலாம் என்றும் சொன்னார். சார் போனில், "இருக்கலாம்" என்றார்.

அதன்பிறகு சார் அந்தக் கட்டத்தைத் துவைத்துக் காயப்போட ஆரம்பித்தார். கோடு விடாத நியூட்ரான் ஒன்று வந்து வாயுவில் மோதியிருக்குமோ என்று பார்த்தார். அப்படியென்றால் அடிபட்ட அணு ஒரு குட்டைத் தடித்த கோட்டை விட்டுவைக்கும், அது இல்லை. லென்ஸில் கோணலோ என்று பார்த்தார், இல்லை. சாப்பாட்டுக் கூடத்தில் சாமைச் சோற்றைப் பிசைந்துகொண்டே சுவரைப் பார்த்தபடி இருப்பார். பிறகு ஒருநாள் எங்கள் மேசை அருகே வந்து நின்று, ரொம்ப மரியாதையாகக் கேட்டார்:

"அந்த இடத்துல உங்க கைக்கு ஏதாவது தட்டுப்பட்டுச்சா?"

'டக்' என்றது என்று சொன்னால், இத்தனை நாள் அவர் ஒட்டியதையெல்லாம் கண்ணால் கண்டுபிடிக்கவில்லை, கையால் கண்டுபிடித்தோம் என்று ஆகிவிடும். சொல்லாவிட்டால் பொய். மல்லிகா அக்காதான் வழி கண்டுபிடித்தாள்.

"இருக்கலாம் சார்" என்றாள்.

சாருடைய உதடு லேசாக நெளிந்தது. அது சிரிப்பு என்று எனக்கு அப்போது தெரியாது. மெட்ராஸிலிருந்து திரும்பி வந்திருந்த சுருளை எடுத்து விளக்கின்முன் பிடித்தார். முதல் கேமராவின் சுருள் முழுசாக இருந்தது. இரண்டாம் கேமராவின் சுருளில் அந்தக் கட்டத்துக்கு முன்னும், சில கட்டங்கள் தள்ளிப் பின்னும், இரண்டு ஒட்டுகள். டேப் இல்லை. ஃபிலிமை லேசாகச் சுரண்டி, சிமெண்ட் தடவி, ஒன்றன்மேல் ஒன்றாக அழுத்தியிருந்த ஒட்டு.

"நல்ல கை" என்றார் சார். "சினிமாக்காரங்க ஒட்டுற மாதிரி இருக்கு. இங்கே வர்ற வழியில யாருங்க சினிமாக்காரங்க?"

வருகிற வழியில் யார் இருக்கிறார் என்று எனக்குத்தான் நன்றாகத் தெரியுமே.

மறுநாள் சாரும் நானும் மலையிலிருந்து பஸ்ஸில் இறங்கினோம். ஜெயவேலு மாமா டிக்கெட் கிழித்துக்கொண்டு வந்தார். சார் எழுந்து நின்று, "வணக்கம்ங்க. சமீபத்துல எங்க டப்பா எதுக்காவது ஏதாவது ஆச்சுங்களா?" என்று கேட்டார்.

மாமா என்னைப் பார்த்தார். அவர் முகத்தில் பயம் இல்லை, பெருமைதான் இருந்தது.

"ஆச்சி சார். வளைவுல பிரேக் போட்டப்ப புளி மூட்டையோட ஒரு டப்பா உருண்டுச்சி. மூடி கழண்டு படம் ரோடு பூரா ஓடிச்சி. பின் சக்கரம் அதும்மேல ஏறிடுச்சி. நான் சும்மா வுடுவனா? நம்ம டூரிங் டாக்கீஸ் ஆபரேட்டர் தாஸ் அண்ணன்கிட்ட எட்துனு போய் ஒட்டிக் குட்த்தேன். நடுவுல ஒரு அங்குலம் கொறையல சார்."

"சக்கரம் ஏறுன துண்டு?"

"அது நாஸ்தி சார். வெட்டிப் போட்டாச்சி. நடுவுல கொறைஞ்சா வசந்தாவத்தான கேப்பாங்க? அதனால வால்லேருந்து அதே அளவு வெட்டி அங்க வெச்சி ஒட்டச் சொன்னேன். எல்லாம் கோடுதான சார். எது எங்க இருந்தா இன்னா?" என்று சொல்லிவிட்டு, "படம் நல்லா ஓடிச்சா?" என்று என்னைக் கேட்டார்.

நான் ஜன்னலுக்கு வெளியே பார்த்தேன். புதுத் துகளும் போச்சு, வேலையும் போச்சு. இரண்டையும் ஒரே மூச்சில் பறித்துக்கொண்டவர், கல்யாணப் பத்திரிகையில் மாப்பிள்ளையாக அச்சாகப் போகிற ஆள். அவர் தோல்பையைப் பிடுங்கி வளைவில் வீசிவிடலாமா என்றிருந்தது.

சார் குனிந்து என்னிடம் மெதுவாகக் கேட்டார். "இவர் உங்களுக்கு என்ன வேணும்?"

"மாமா பையன் சார்."

"உங்க வேலை போனா இவருக்கு ஏதாவது ஆகுமா?"

"கல்யாணம் ஆகும் சார்."

"யாரோடங்க?"

"என்னோட சார்."

"அப்படின்னா இவர் சொன்னதை அப்படியே எடுத்துக்க முடியாது. இவருக்கு இதுல லாபம் இருக்கு. ரெண்டாவது ஆள் வேணும், இவரோட பேசாத ஆள்." சார் உடனே மாமாவைக் கூப்பிட்டு, நாங்கள் தாஸைப் பார்த்துவிட்டு வரும்வரை ஆலங்காயத்தில் பஸ்ஸைவிட்டு இறங்கக் கூடாது என்று கேட்டுக்கொண்டார். மாமாவுக்கு ஒன்றும் புரியவில்லை. ஆனாலும் டீகூடக் குடிக்காமல் வாணியம்பாடிக்கு வண்டியைக் கிளப்பிக்கொண்டு போனார்.

ஆலங்காயம் டூரிங் டாக்கீஸ் கொட்டகையில் பகல் காட்சி கிடையாது. தாஸ் லுங்கியோடு உட்கார்ந்து ராத்திரி ஓடிய படத்தைத் திருப்பிச் சுற்றிக்கொண்டிருந்தார். சார் எதையும் எடுத்துக் கொடுக்காமல், "சமீபத்துல வேற ஏதாவது படம் ஒட்டுனீங்களா?" என்று மட்டும் கேட்டார்.

"ஒண்ணு ஒட்னேன் சார். கண்டக்டர் தம்பி எட்துனு வந்திச்சி. ஏதோ ஒரு துண்ட நடுவுல வெச்சி ஒட்டுனா போதும்னு அது அவசரப்பட்டுச்சி. நாந்தான் வால்லேருந்து எட்து, நேரா, மேல கீழ பாத்து ஒட்னேன். தொழில் சுத்தமா இருக்கணுமில்ல?" என்று சொல்லிவிட்டு, வெகுநாளாகத் தன்னை உறுத்திய சந்தேகத்தைக் கேட்டார். "அது இன்னா படம் சார்? ஒரு ஆளும் வர்ல, ஒரு பாட்டும் இல்ல."

"இன்னும் முடியலைங்க" என்றார் சார். "எடுத்துக்கிட்டே இருக்காங்க."

இரண்டு சாட்சியங்களும் ஒத்துப்போயின, யோசனை யாருடையது என்பதைத் தவிர. மலைக்குத் திரும்பியதும் கடைசிச் சோதனையைச் செய்தோம். சுருளின் வாலில், முதல் கேமராவின் சில கட்டங்கள் ஜோடியில்லாமல் நின்றன. வால் பகுதி எப்போதும் கோணல்மாணலாகத்தான் முடியும் என்பதால் யாரும் கவனித்ததில்லை. அதில் ஒன்றில் நான்கு கோடுகள். எங்கள் அதிசயத்தின் இரண்டாம் கேமராப் படத்தை அதனோடு ஜோடி சேர்த்து அளந்தோம். ஒரு சாண் வெளியே வெடித்தது சாதுவாகக் குழாய்க்குள் போய் உட்கார்ந்துகொண்டது. நாங்கள் ஜோடி என்று நினைத்தவை இரண்டு வெவ்வேறு சில்லறை மோதல்கள், குழாயில் கொஞ்சம் முன்னே பின்னே நடந்தவை. அந்த முன்பின்தான் எங்கள் கணக்கில் ஒரு சாண் தூரமாகத் தெரிந்திருக்கிறது. இரண்டிலும் நாலே கோடு இருந்தது எங்கள் தலையெழுத்து.

அன்று நான் சாரிடம் கேட்டேவிட்டேன். "வியாழக்கிழமை வரைக்கும் சொல்லாம இருந்தா இன்னா சார்? வேலை நிரந்தரமானப்புறம் சொல்லலாமே." கேட்கும்போதே அழுகை வந்துவிட்டது.

"சொல்லாம இருக்கலாம்" என்றார். மேசை விளக்கை அணைத்துவிட்டு, எனக்கு வழிவிட்டுக் கதவருகே நின்றார். எனக்கே வெட்கமாகப் போய்விட்டது.

வியாழக்கிழமை அதிகாரி பத்திரிகைக்காரர்களை டீக்கடையில் உட்கார வைத்துவிட்டு, முதலில் தனியாக வந்தார். சார் அவருக்கு ஒட்டைக் காட்டினார். பஸ், புளி மூட்டை, தாஸ் எல்லாவற்றையும் ஒன்றுவிடாமல் சொன்னார். அதிகாரியின் முகம் சுருங்கிக்கொண்டே வந்தது. "இது உங்க பொண்ணுங்களுக்குத் தெரியலையா? சுத்தும்போதே கையில தட்டியிருக்குமே?" என்றார்.

"தட்டுச்சு. நான் வைக்கிற பரீட்சைன்னு நினைச்சு விட்டுட்டாங்க. நான் ஒட்டுறதெல்லாம் அவங்களுக்குத் தெரியும்."

நானும் மல்லிகா அக்காவும் சுவரோடு சுவராகிவிட்டோம்.

"ஓகோ" என்றார் அதிகாரி. "அப்ப நீங்க வருஷா வருஷம் எழுதி அனுப்புற அபாரமான கண்ணெல்லாம் பொய். இவங்களை வெச்சுக்கறதுக்கு ஒரு காரணம் சொல்லுங்க."

சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "ஒட்டு அவங்க கைக்குத் தெரியட்டும்னே வைக்கிறதுங்க. ஒரு பரீட்சையை ஏமாத்திட்டோம்ங்கற திருப்தி இருந்தா, மனுஷங்க நிஜமான பரீட்சை எங்கேன்னு தேட மாட்டாங்க. நிஜமான பரீட்சை வேற. ஒருத்தர் பார்த்த சுருளையே சில மாசம் கழிச்சு, டப்பா மேல பேரை மாத்தி, அவங்களுக்கே மறுபடி குடுத்திருக்கேன். முதல் தடவை என்ன பார்த்தாங்களோ அதையேதான் திரும்பப் பார்த்திருக்காங்க. நான் எழுதி அனுப்புனதெல்லாம் அந்தக் கணக்குதான். அப்புறம் ஒண்ணு, கோவிச்சுக்காதீங்க. இந்தக் கட்டத்தை உங்க இயந்திரமும்தான் பார்த்துச்சு. அதுக்கு 'டக்'னுகூடத் தட்டலை."

மல்லிகா அக்கா என் காதருகே முணுமுணுத்தாள். "அதான்டி. ஒரு சுருள எங்கியோ பாத்த மாரி கீதேன்னு அப்பவே நெனச்சேன்."

பத்திரிகைக்காரர்கள் டீ குடித்துவிட்டு மலைத்தேன் வாங்கிக்கொண்டு திரும்பினார்கள். மலை அறையை மூடும் பேச்சும் அதோடு நின்றது. மெட்ராஸ் இயந்திரம் அளக்கும், அது அளப்பதை எங்கள் கண் சோதிக்கும் என்று ஏற்பாடாயிற்று. அடுத்த வருடம் நிரந்தர உத்தரவு வந்தது. ஃபிலிம் காலம் முடியும்வரை மலையில் இருந்தேன். பிறகு தலைமையகத்தில் வேறு வேலை பார்த்து ஓய்வு பெற்றேன். கோட்பாட்டை எங்களால் அசைக்க முடியவில்லை. வந்ததெல்லாம் ரேஷன் கார்டுக்குள் அடங்கியது. அதை உறுதிசெய்த கண்களில் என்னுடையதும் உண்டு என்பதில் எனக்குப் பெருமைதான்.

வேலை நிரந்தரமான பிறகு ஜெயவேலு மாமாவைக் கட்டிக்கொள்ள நானே சம்மதித்தேன். யாரும் கட்டாயப்படுத்தவில்லை. ஆனால் முறைப்படி செய்தேன். மல்லிகா அக்காவைத் தனியாக அவர் பஸ்ஸில் சில நாள் போய்வரச் சொன்னேன். நான் என்ன நினைக்கிறேன் என்று அவளுக்குச் சொல்லவில்லை. அவள் வந்து, "கோளாறு ஆளுதான், ஆனா பொய் சொல்ல வர்ல அதுக்கு" என்றாள். நான் கண்டதும் அதுவேதான். ஒன்றில் மட்டும் எனக்கு இன்றுவரை தீர்ப்பு கிடைக்கவில்லை. அந்த ஒட்டைப் பற்றி உண்மையைச் சொன்னால் என் வேலை போகும், கல்யாணம் நடக்கும் என்பது அன்றைக்கு அவருக்குத் தெரிந்திருந்ததா? கேட்டால், "எனக்கு இன்னா தெரியும்?" என்பார். இருக்கலாம்.

சரி, அந்தப் பிள்ளைகளிடம் வருகிறேன். திரையில் இருந்தது அந்த நான்கு கோடுகளேதான். கம்ப்யூட்டரில் ஏற்றியபோது ஃபிலிமை மட்டும் எடுத்திருக்கிறார்கள், இந்த ஒட்டைப் பற்றி சார் எழுதி டப்பாவில் கட்டிய சீட்டு எங்கோ கழன்று போயிருக்கிறது. குழாய்க்கு ஒரு சாண் வெளியே, வெறும் வாயுவில், நாற்பது வருடம் காத்திருந்துவிட்டு மறுபடி வெடித்திருக்கிறது.

"இது புதுத் துகளா இருக்குமா மேடம்?" என்றான் பையன். எனக்கு அவனை ரொம்பப் பிடித்துவிட்டது.

"இருக்கலாம்" என்றேன். "நீ இங்க என் பக்கத்துல உக்காருப்பா. நீ கொல்லைக்குப் போம்மா. முருங்க மரத்துல ஒருத்தர் ஏறிக்கினு இருப்பாரு. ஒரு டப்பா உருண்டுச்சாமே, என்ன ஆச்சின்னு மட்டும் கேளு, வேற எதையும் எடுத்துக் குடுக்காத. ரெண்டு பேரும் கேட்டு முடிக்கிற வரைக்கும் ஒருத்தருக்கொருத்தர் பேசக் கூடாது. டீயும் தனித்தனியாத்தான் தருவேன்."